லைசென்ஸ் இல்லாத புடலங்காய்

மங்கையர்க்கரசி மேடம் கத்தியை என் கையில் கொடுத்து அறு என்று சொன்னபோது, எங்கள் கொல்லைப் பந்தலில் தொங்கிய புடலங்காய்க்குள் கலந்தர் மச்சானின் கல்யாணச் சம்மதம் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் சொல்லிவிட்டார், அது இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். பந்தலுக்குக் கீழே பாய் விரித்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் இரண்டு சாட்சிகளும் என் வாப்பாவும் புதுச் சட்டையோடு காயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்; சமையல்கட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மருதாணிக் கையோடு என் அக்கா, நாங்கள் லாத்தா என்று கூப்பிடுவோம், ஜுலைஹா லாத்தா, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அறுத்தால் காய் வெறும் காயாகிவிடும், லாத்தா கல்யாணம் பாதியில் நிற்கும்.

"அறுடா சீனி, கவர்மெண்டே வந்து சொல்லுதுல்ல" என்றார் ஜமாஅத் தலைவர் கபூர் மரைக்காயர்.

சீனி என்பது நான். பதினேழு வயது, பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காமல் நின்றுவிட்டேன், அதற்குக் காரணம் எல்லாம் கிடையாது. கத்தியை வைத்துக்கொண்டு நின்றேன். எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம் என்று சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வெள்ளமுனையில் ஆம்பிளைகள் என்றால் ஃபோனுக்குள் இருப்பவர்கள். மீசை முளைத்ததும் கடல் தாண்டிப் போவார்கள், முடி நரைத்ததும் என் வாப்பா மாதிரி முதுகுவலியோடு திரும்பி வருவார்கள், நடுவில் உள்ள காலத்துக்கு அவர்கள் நெட்டில் பேசுகிற குரல் மட்டும்தான். ஒருநாள் அவர்கள் வேலை பார்க்கிற நாட்டில், நெட் வழியாகப் பேசுவதற்கு லைசென்ஸ் வாங்கிய கம்பெனி இல்லை என்று பேச்சை நிறுத்தினார்கள், வேறு எதையோ ஃபோனில் ஏற்றிப் பேசினார்கள், அதையும் நிறுத்தினார்கள், கடைசியில் படம் மட்டும் வரும், வாய் அசையும், சத்தம் வராது, ஊர்ப் பெண்களெல்லாம் புருஷன் வாயைப் பார்த்துச் சோறு என்கிறாரா சேறு என்கிறாரா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான், ஒரு மத்தியானம், கூட்டு வைக்கக் காய் பறிக்கப் போன லாத்தாவை எங்கள் புடலங்காய் உம்மா என்று கூப்பிட்டது.

"உம்மா இல்ல. காய் பறிக்க வந்தவ. நீங்க யாரு?" என்றாள் லாத்தா.

"கலந்தர். தைக்காத் தெரு."

"காய்க்குள்ள என்ன பண்றீங்க?"

காய் பாவமாக, "வேலைக்கு வந்தேன்" என்றது.

லாத்தா அன்றைக்குக் காயைப் பறிக்கவில்லை, ரசம் வைத்தாள். சாயங்காலம் உம்மா போய் கலந்தரின் உம்மாவைக் கூட்டி வந்து பந்தலுக்குக் கீழே நிறுத்தியது, அந்த அம்மா மாடியில் ஒரே ஒரு ரூமில் வாடகைக்கு இருந்தது, செடி வைக்க இடமில்லை, அதனால்தான் மகன் குரல் வழி தெரியாமல் எங்கள் கொல்லையில் வந்து விழுந்திருக்கிறது என்று ஊர் சொன்னது. அந்த அம்மா காயைப் பிடித்துக்கொண்டு மகனிடம் கேட்ட முதல் கேள்வி, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்பது. அந்தப் பக்கம் காய் கிடையாது; அந்த மணலில் எங்கே போய்ப் பந்தல் போடுவது; வேலைக்குப் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டில்தான் அவர்களுக்குக் கேட்டது, அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, பாதுகாப்பு உணர்வு மிக்க தொழிலாளிகள் என்று கம்பெனி அவர்களுக்கு மேடையில் சால்வை போட்டதாகவும் காய் சொன்னது.

பத்து நாள் போகவில்லை, ஊரில் பந்தல் இல்லாத கொல்லை இல்லை. மொட்டை மாடியில் சிமெண்ட் சாக்கில் மண் போட்டு வைத்தார்கள், பள்ளிவாசல் சுவரில் ஏற்றிவிட்டார்கள், காய்கறிக் கடைக்காரர் புடலங்காயை வாங்கி வந்து விற்க முடியாமல் அழுகவிட்டார், யாருக்கும் அதை வெட்ட மனசு வரவில்லை, யார் வீட்டு மாப்பிள்ளை உள்ளே இருக்கிறாரோ. இதற்கு நம்பர் அமுக்க வேண்டாம், பட்டன் கிடையாது, காய்க்குக் கீழே நின்று ஆளை நினைத்து ஏங்கினால் போதும், அந்தப் பக்கமும் ஏங்கினால் லைன் கிடைக்கும். சில வீட்டில் லைன் கிடைக்கவேயில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம். கொடியில் இருக்கும்வரைதான் ஃபோன், அறுத்தால் காய். ஒருத்தர் பேசும்போது பந்தலில் இருக்கிற மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்று பெண்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். திரும்பி நிற்பார்களே தவிர ஒரு வார்த்தையையும் விடமாட்டார்கள்.

இதில் என் வேலை கல். புடலங்காய் தானாக வளர்ந்தால் பாம்பு மாதிரிச் சுருண்டுவிடும், பிஞ்சிலேயே முனையில் நூலைக் கட்டி ஒரு கல்லைத் தொங்கவிட்டால்தான் நேராக இறங்கும், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் சுருண்ட காயில் குரலும் சேர்ந்து சுருண்டுவிடும் என்பதைக் கீழத்தெருவில் ஒரு வீட்டில்தான் முதலில் பார்த்தோம், காலையில் சாப்பிட்டீங்களா என்று கேட்ட பெண்ணுக்கு மறுநாள் சாயங்காலம்தான் சாப்பிட்டேன் என்று பதில் வந்தது, அதற்குள் அவள் வேறு விஷயத்துக்குச் சண்டை போட்டிருந்தாள், அந்தச் சண்டைக்கு இதுதான் பதில் என்று நினைத்து இன்னும் கோபப்பட்டாள். கல் லேசாக இருந்தால் பேச்சு இழுக்கும். கனமாக இருந்தால் குரல் கீச்சென்று போகும், லாரி ஓட்டுகிற ஆள் சின்னப் பெண்பிள்ளை மாதிரிப் பேசுவார், இன்னும் கனமானால் காய் முனை ஒடிந்துவிடும். சரியான கல்லைக் கையில் எடுத்தாலே எனக்குத் தெரிந்துவிடும், வேறு எந்த வேலையும் எனக்கு இப்படி வந்ததில்லை. சீனி வந்து கட்டட்டும் என்று தெருவுக்குத் தெரு கூப்பிட்டார்கள், போன வீட்டிலெல்லாம் திங்கக் கொடுத்தார்கள்.

கலந்தர் தினமும் எங்கள் காயில்தான் வந்தார். உம்மாவோடு பேசத்தான் வருகிறேன் என்றார். அவர் உம்மா போனபிறகும் காய் பேசிக்கொண்டிருந்தது. லாத்தா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்களெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நின்று கழுத்து வலித்து, ஒருநாள் வாப்பாவே திரும்பி, இந்தா மாப்பிள்ளை, பேசினது போதும், எப்போ நிகாஹ் வைக்கலாம் என்று காயிடம் கேட்டுவிட்டது. காய் சிரித்தது. கம்பெனி இப்போதைக்கு லீவு தராது, பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது, அதனால் நிகாஹ் காயிலேயே நடக்கட்டும் என்று ஜமாஅத் கூடியது. குரல் யாருடையது என்று சாட்சிகளுக்குத் தெரிந்து, பெண்ணைக் கொடுத்தேன் என்பதும் ஒப்புக்கொண்டேன் என்பதும் ஒரே சபையில், சபை கலையாமல் காதில் விழுந்தால் நிகாஹ் கூடும் என்று ஹஜ்ரத் சொன்னார். புடலங்காயைப் பற்றி மார்க்கக் கிதாபில் கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை என்றார்.

அப்போதுதான் ஜீப் வந்தது. ஃபோன் பேச்சுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசிலிருந்து மங்கையர்க்கரசி மேடம். காட்டன் புடவை, தோளில் பை, வெயிலுக்கு முகம் சுளிக்காத ஆள். ஊரைக் கல்யாண மஹாலில் கூட்டி, வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தக் குரலும் லைசென்ஸ் வாங்கின வாசல் வழியாகத்தான் நம்ம நாட்டுக் காதில் விழ வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கம்பியில் வந்தால் ஒரு சட்டம், காற்றில் வந்தால் ஒரு சட்டம், நெட்டில் வருகிற பேச்சுக்கு இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். அப்போ காயில் வருவதற்கு என்று நான் எழுந்து கேட்டேன்.

"இன்னும் எழுதலை" என்றார் மேடம்.

"அப்ப எழுதுற வரைக்கும் பேசிக்கிறோம்."

"எழுதுற வரைக்கும் பேசக் கூடாது, தம்பி. அதுதான் சட்டம்."

மஹாலில் யாரும் சண்டை போடவில்லை. சட்டம் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்வோம், லைசென்ஸ் என்ன பெரிய விஷயம் என்று ஊரே சந்தோஷமாக விண்ணப்பித்தது. ஒவ்வொரு காய்க்கும் நம்பர் வேண்டும் என்றார் மேடம். தகரத்தில் நம்பர் அடித்துத் தொங்கவிட்டோம், எல்லோருக்கும் 786 வேண்டும் என்று இரண்டு தெரு பேசாமல் இருந்தது, பிறகு அதைப் பள்ளிவாசல் காய்க்கே கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். நாட்டுப் பாதுகாப்புக்காக யார் பேசுவதையும் அரசாங்கம் கேட்க வழி இருக்க வேண்டும் என்றார். உம்மா எழுந்து, வந்து பந்தல்ல உட்காரச் சொல்லுங்க, நாங்க எல்லாரும் அதைத்தானே செஞ்சுக்கிட்டிருக்கோம் என்றது. மேடம் சிரிக்காமல் அதற்கு ஒரு டிக் போட்டார்.

கடைசி நிபந்தனையில் மாட்டினோம். எந்தக் காயிலிருந்தும் ஆபத்து நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேச முடிய வேண்டும். ஊரே ஒரு மாலை முழுக்க முயற்சி செய்தது, ஒவ்வொருத்தராகக் காய்க்குக் கீழே கண்ணை மூடி நின்றோம், கபூர் மரைக்காயர் உருகி உருகி நின்றார், லைன் கிடைக்கவில்லை. ஏங்கினால்தான் கிடைக்கும். போலீஸ் ஸ்டேஷனை நினைத்து ஏங்குகிற ஆள் எங்கள் ஊரில் ஒருத்தரும் இல்லை. மேலதிகாரிகள் முடிவு சொல்லும்வரை பேச்சு கூடாது, மேடம் எல்லாக் காய்களையும் வெள்ளிக்கிழமைக்குள் அறுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஊர் அறுத்தது. வியாழக்கிழமை வெள்ளமுனை முழுக்கப் புடலங்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், சாப்பிடுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஆனால் கொடியை யாரும் பிடுங்கவில்லை, உத்தரவில் காய் என்றுதான் இருந்தது. எங்கள் காயை மட்டும், நிகாஹ் முடியட்டும் என்று ஊரே சேர்ந்து மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, அங்கேயும் அவர்களுக்கு ஜும்மா முடிந்து, பந்தலில் சபை கூடியது. மச்சான் ஹெல்மெட்டுக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருப்பதாகச் சொன்னார். சாட்சிகள் குரலைச் சோதித்துக்கொண்டார்கள். உள்ளே போய்க் கேட்டார்கள், லாத்தா சம்மதம் சொன்னாள், இரண்டாம் தடவை கேட்பதற்குள் சொன்னாள், அவசரத்தைப் பாரு என்று உம்மா இடித்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையைச் சொல்லி, என் மகள் ஜுலைஹாவை உங்களுக்கு நிகாஹ் செய்து கொடுத்தேன் என்று வாப்பா காயைப் பார்த்துச் சொன்னது. அப்போது கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு மேடம் வந்தார்.

பாயைப் பார்த்தார், காயைப் பார்த்தார். காய் இயற்கை, அதைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை, அதை வைத்திருப்பவர்தான் அறுக்க வேண்டும், நான் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் கல், ஒருத்தர் வேண்டுமென்றே கட்டியது, அதனால் அதுதான் கருவி என்று சொல்லிக்கொண்டே நூலை அவிழ்த்துக் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தக் கல்லை ஆற்று மணலில் எத்தனை நாள் தேடினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கல் போனதும் காய் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி மேலே ஏறிச் சுருண்டது. மச்சான் குரல், "ஜுலைஹாவை நான்" என்று வந்தது. மீதி வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய் மூன்று சுற்றுச் சுருண்டு நின்றது.

அங்கேதான் ஆரம்பித்தேன். கத்தி என் கையில்.

"மேடம், உள்ள மச்சான் இருக்காரு" என்றேன்.

மேடம் வாயைத் திறப்பதற்குள் ஹஜ்ரத் கையைத் தூக்கினார். ஒரே சபையாக இருக்க வேண்டும், சபை கலைந்தால் வாப்பா கொடுத்தது செல்லாது, அதனால் யாரும் எழுந்திருக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான், ஊர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சாட்சிகள் ஆளுக்கொரு காதைக் காய் பக்கம் நீட்டியபடி இருந்தார்கள். காய் அறுபடுவதைப் பார்க்காமல் மேடமும் போக முடியாது, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், யாரோ ஒரு ஸ்டூலைப் போட்டார்கள், உட்கார்ந்தார். நெய்ச்சோறும் தால்ச்சாவும் இருந்த இடத்துக்கே வந்தன, தட்டு கைமாறிக் கைமாறிப் போனது, மேடம் டூட்டி நேரத்தில் சாப்பிட மாட்டேன் என்றார், பிறகு தால்ச்சாவை மட்டும் என்றார், பிறகு இது மாங்காய் போட்டதா என்று உம்மாவிடம் கேட்டார். அஸர் பாங்கு சொன்னதும் இருந்த இடத்திலேயே பந்தலுக்குக் கீழே வரிசையாகத் தொழுதார்கள். சுவர் மேலெல்லாம் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். மச்சானின் உம்மா, அவன் சின்ன வயசிலேயே எதையும் மெதுவாத்தான் சொல்லுவான் என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது. ஜன்னலில் லாத்தா மட்டும் சாப்பிடவில்லை. நான் அவளைப் பார்த்தால் அவள் கத்தியைப் பார்த்தாள்.

வெயில் இறங்கியது. புடலம்பூ சாயங்காலத்தில்தான் விரியும், பந்தல் முழுக்க வெள்ளை வெள்ளையாக, ஓரமெல்லாம் நூல் நூலாக, ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தன. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, காயின் கடைசிச் சுற்று லேசாக நடுங்கி, உள்ளேயிருந்து மத்தியானத்துக் குரல், மத்தியானத்துக் கூச்சத்தோடு அப்படியே வந்தது.

"ஒப்புக்கொண்டேன்."

இரண்டாவது சுற்றில் மாட்டியிருந்தது வந்தது, ஒப்புக்கொண்டேன். மூன்றாவதும் வந்தது, அதோடு மச்சான் ரூமில் கூட இருந்தவர்கள் ஹெல்மெட்டைத் தட்டுகிற சத்தமும் வந்தது. ஒன்றே போதும், காய்தான் மூன்று தடவை சொல்கிறது என்று ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே துஆவுக்குக் கையை ஏந்தினார். ஆமீன் என்ற சத்தத்தில் பந்தல் பூவெல்லாம் உதிர்ந்து எங்கள் தலையிலும் மேடத்தின் தலையிலும் விழுந்தது. பேரீச்சம்பழம், கல்கண்டு, பிள்ளைகள் சுவரிலிருந்து குதித்தார்கள், வாப்பா முதுகுவலியை மறந்து கபூர் மரைக்காயரைத் தூக்கிவிட்டது, தூக்கிய பிறகு இறக்கத் தெரியவில்லை.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் மேடம் வாயில் கல்கண்டோடு எழுந்தார். தம்பி, ஒரு கல்யாணத்தை நிறுத்தினேன் என்ற பேர் எனக்கு வேண்டாம், அது முடிந்துவிட்டது, இனிமேல் அறு என்றார். நியாயம்தான்.

லாத்தா அப்போதுதான் கல்யாணப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு இறங்கி வந்தாள். நேரே காய்க்குக் கீழே போய் நின்றாள். ஊர் மொத்தமும் சுவரைப் பார்த்துத் திரும்பியது, ஆம்பிளை பொம்பிளை எல்லோரும். உம்மா மேடத்தின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பியது. மேடமும் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார், தலையில் பூ இருந்தது, பையில் என் கல் இருந்தது.

"நான் பார்க்கணும்னு சட்டம் சொல்லுது. அறுக்கிற சத்தம் கேட்டா போதும்னு எழுதிக்கிறேன். அறு தம்பி" என்றார் சுவரிடம்.

லாத்தா காயைப் பிடித்துக்கொண்டு, புருஷன் என்று ஆனபிறகு முதல் தடவையாக, "சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

காய் சுருண்டு கிடந்தது. அப்படியே விட்டால் அதற்குப் பதில் நாளைக்குத்தான் வரும். லாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொல்லை மூலைக்குப் போய்க் குனிந்து, கனம் சரியாக உள்ள ஒரு கல்லைத் தேட ஆரம்பித்தேன்.